நர்சிங் பேட்: வாங்குவதா, வீட்டில் தைப்பதா, தைத்தால் எந்தத் துணியில்?

பிரசவத்துக்கு ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது என்னிடம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். பால் கசியும், உள்ளாடைக்குள் வைக்க ஏதாவது வேண்டும், அதுவரை சரி. தூக்கிப் போடும் பேட் வாங்குவதா, கடையில் விற்கும் துணி பேட் வாங்குவதா, தையல் தெரியும் என்பதால் தானே தைத்துக்கொள்வதா என்பதில் குழப்பம். தைக்கலாம் என்று முடிவெடுத்தவர்களுக்கும் குழப்பம் தீர்வதில்லை: ஃபிளானலா (லேசான பஞ்சுப் பரப்புள்ள மென்மையான துணி), டவல் துணியா, மூங்கில் துணியா, நீர் புகாத துணி வைத்தே ஆக வேண்டுமா?

என் முதல் குழந்தைக்கு நான் தைத்த பன்னிரண்டு ஜோடியில் பாதியை ஒரு வாரத்தில் ஒதுக்கி வைத்தேன். அடியில் நீர் புகாத துணி வைத்துத் தைத்திருந்தேன். துணி நனையவில்லை, ஆனால் தோல் வெந்தது போல ஆகிவிட்டது. இரண்டாவது குழந்தைக்கு, பலமுறை துவைத்துப் பழகிய பருத்தியை மட்டும் வைத்துத் தைத்தேன், அவை பால் குடி மறக்கும் வரை வந்தன. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தைக்கத் தெரிந்தவர்கள் தைக்கலாம், அதுவும் பழைய பருத்தியில் தைக்கலாம். ஆனால் எல்லா நேரத்துக்கும் ஒரே பேட் போதாது, சில நாட்களில் தூக்கிப் போடும் பேட்தான் சரி.

## எதை வைத்துப் பார்ப்பது

முதல் விஷயம், உறிஞ்சுவது வேறு, பிடித்து வைப்பது வேறு. சில துணிகள் பாலைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், ஆனால் குழந்தையைத் தோளில் சாய்த்து அணைத்ததும் அத்தனையையும் திரும்பக் கக்கிவிடும். நர்சிங் பேட் என்பது நாள் முழுக்க அழுத்தத்துக்குள் இருக்கிற பொருள், உள்ளாடை அழுத்தும், குழந்தை அழுத்தும், ஒருக்களித்துப் படுத்தால் மெத்தை அழுத்தும். அதனால் அழுத்தினால் கசிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இரண்டாவது காற்றோட்டம். ஈரமும் சூடும் சேர்ந்து அடைபட்டுக் கிடந்தால் காம்பு ஊறிப்போய் வெடிக்கும், பூஞ்சைத் தொற்றும் எளிதாக வரும். மூன்றாவது, காம்பின் மேல் நேரடியாகப் படும் துணி எவ்வளவு மென்மை, காய்ந்தால் ஒட்டிக்கொள்கிறதா என்பது. அப்புறம் மேல்சட்டைக்கு வெளியே விளிம்பு தெரிகிறதா, துவைத்தால் எத்தனை மணி நேரத்தில் காயும், மொத்தம் எத்தனை தேவைப்படும்.

எவ்வளவு நாளைக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போது, பாலை இறங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் இரு பக்கமும் வேலை செய்வதால் மறுபக்கமும் பால் இறங்கும், குழந்தை அழும் சத்தம் கேட்டாலே சிலருக்குப் பால் இறங்கிவிடும். பால் நன்றாக ஊறத் தொடங்கும் முதல் வாரத்திலிருந்து கசிவு அதிகம் இருக்கும், குழந்தையின் தேவைக்கு ஏற்பச் சுரப்பு நிலைப்பட்டதும் பலருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் குறைந்துவிடும். சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கும். கொஞ்சம்கூடக் கசியாதவர்களும் உண்டு, அவர்களுக்கும் பால் சுரப்பு குறைவு என்று அர்த்தமில்லை. நீங்கள் இதில் எந்த வகை என்று பிரசவத்துக்கு முன்பே தெரியாது. இதனால்தான் முதலிலேயே இருபது ஜோடி தைத்து அடுக்காதீர்கள் என்கிறேன்.

## தூக்கிப் போடும் பேட்

உள்ளே இருக்கும் உறிஞ்சு பொருள் பெரும்பாலும் மரக்கூழும் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்களும். அந்தத் துகள் ஈரத்தைக் கூழாக மாற்றிப் பிடித்துக்கொள்வதால், மெல்லியதாக இருந்துகொண்டே நிறையத் தாங்கும், அழுத்தினாலும் அவ்வளவாகக் கக்காது. அந்த ஒரு விஷயத்தில் எந்தத் துணியும் இதனுடன் போட்டி போட முடியாது. பின்பக்கம் பசை இருப்பதால் நகராது, சட்டைக்கு வெளியே தெரியாது.

மறைந்திருக்கும் செலவு எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை மாற்றினால் 8 பேட், மூன்று மாதத்துக்கு 720. அத்தனையும் குப்பை, அத்தனைக்கும் பணம். இன்னொரு செலவு தோலுக்கு. பல பேட்களின் பின்பக்கம் பிளாஸ்டிக் படலம், "இன்னும் நனையவில்லையே" என்று ஐந்தாறு மணி நேரம் மாற்றாமல் விட்டுவிடத் தோன்றும், உள்ளே ஈரம் தோலோடு ஒட்டியபடியே இருக்கும். மேலே பரப்பிய செயற்கைத் துணி சிலருக்கு அரிக்கவும் செய்யும்.

இது எப்போது சரி? பிரசவமான முதல் பத்து நாட்கள். துவைக்க ஆளில்லை, உட்கார்ந்து எழவே வலிக்கிறது என்கிற நிலையில் துணி பேட் துவைத்துக் காயப் போடுவதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். குழந்தை மருத்துவமனையில் தனியாக இருந்து நீங்கள் போய்வந்து கொண்டிருக்கும் நாட்களும் அப்படித்தான். நீண்ட பயணத்துக்கும், பூஞ்சைத் தொற்றுக்குச் சிகிச்சை எடுக்கும்போதும், காம்புக்கு எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு தடவும்போதும் இதுவே வசதி. களிம்பு துணியில் ஏறினால் என்ன ஆகும் என்பதைத் துவைப்பது பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

## கடையில் வாங்கும் துணி பேட்

நேரம் இல்லை, மெஷின் இல்லை, ஆனால் குப்பை சேர்க்கவும் மனமில்லை என்பவர்களுக்கு இது. விளிம்பு நேர்த்தியாக இருக்கும், குழிவான வடிவமும் கிடைக்கும். ஆனால் வாங்கும்போது உள்ளே என்ன துணி என்று படித்துப் பாருங்கள். "மூங்கில்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். தோலில் படும் மெல்லிய மேல்துணி மட்டும் மூங்கில் விஸ்கோஸாக (மூங்கில் கூழிலிருந்து எடுத்த இழை) இருந்து, நடுவில் மைக்ரோஃபைபரும் (மிக மெல்லிய செயற்கை இழைத் துணி) அடியில் பாலியூரித்தேன் பூசிய, நீர் புகாத பாலியஸ்டரும் இருக்கலாம். அது ஏன் எனக்குப் பிடிக்காது என்பது துணிகளைப் பற்றிய பகுதியில் வரும். இன்னொரு குறை, உங்கள் அளவுக்கு இருக்காது. பெரிய மார்பகத்துக்கு 10 செ.மீ. பேட் நகர்ந்துகொண்டே இருக்கும், சிறியதற்கு 14 செ.மீ. பேட் உள்ளாடைக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

எதை வாங்கினாலும் முதலில் ஒரே ஒரு ஜோடி வாங்கி இரண்டு நாள் போட்டுப் பாருங்கள்.

## வீட்டில் தைப்பது

கணக்கு எளிது. 110 செ.மீ. அகலமுள்ள ஃபிளானல் ஒரு மீட்டர் எடுத்தால் 13 செ.மீ. வட்டங்கள் அகலத்தில் 8, நீளத்தில் 7, மொத்தம் 56 வரும். ஒரு பேடுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று என்று வைத்தால் 14 ஜோடி. நடுவில் வைக்கும் துணிக்குக் காசே வேண்டாம், 70 x 140 செ.மீ. பழைய குளியல் துண்டு ஒன்றில், கரைகளை வெட்டிவிட்டாலும் 11 செ.மீ. வட்டம் 60க்கு மேல் எடுக்கலாம். நடுத்துணியைச் சிறியதாக வெட்டுவது ஏன் என்றால், விளிம்பில் தடிமன் சேராது, ஊசியும் முறியாது.

மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரமும் இடுப்பும்தான். எனக்கு ஒரு ஜோடிக்கு இருபது நிமிடம் ஆனது, பன்னிரண்டு ஜோடி என்றால் நான்கு மணி நேரம், வெட்டுவதும் முன்கூட்டித் துவைப்பதும் தனி. நிறைமாதத்தில் குனிந்து வட்டம் வெட்டுவது சிரமம், குழந்தை பிறந்த பிறகு தைக்கலாம் என்று தள்ளிப் போட்டால் அது நடக்கவே நடக்காது. ஏழாம் மாதத்திலேயே வெட்டி வைத்துவிடுங்கள். புதுத் துணிக்காகவும், இதுவரை இல்லாத ஓவர்லாக் மெஷினுக்காகவும் (விளிம்பு பிசிறாமல் தைக்கும் மெஷின்) செலவு செய்யத் தொடங்கினால், சேமிப்பு என்ற காரணமே போய்விடும். நான்கு ஜோடிதான் தேவை என்றால் வாங்கிவிடுவது மேல்.

பழைய துணி, ஒரு மெஷின், கொஞ்சம் பழக்கம் மூன்றும் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும், அளவு பொருந்தாமல் தவிப்பவர்களுக்கும், செயற்கைத் துணி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் தைப்பதுதான் நல்லது.

## எந்தத் துணி: இங்கேதான் நிதானிக்க வேண்டும்

ஒரு பேடில் மூன்று வேலை இருக்கிறது. தோலில் படும் துணி ஈரத்தை வாங்கிக் கீழே அனுப்ப வேண்டும், நடுத்துணி அதைப் பிடித்து வைக்க வேண்டும், வெளித்துணி சட்டைக்குப் போகாமல் தாமதப்படுத்த வேண்டும். ஒரே துணி மூன்றையும் ஓரளவு செய்யும், எதுவும் மூன்றையும் முழுதாகச் செய்யாது.

| துணி | எங்கே வைக்கலாம் | பலம் | கவனம் |
|---|---|---|---|
| பருத்தி ஃபிளானல் | தோல் பக்கம், வெளிப்பக்கம் | மென்மை, தைக்க எளிது, கொதிநீர் தாங்கும் | முதல் துவைப்பில் நன்றாகச் சுருங்கும் |
| பழைய பருத்தி பனியன் துணி | தோல் பக்கம் | மிக மென்மை, பிசிறாது | இழுபடும், வெட்டும்போது வட்டம் கோணலாகும் |
| டவல் துணி | நடு | நிறையப் பிடிக்கும், எங்கும் கிடைக்கும் | தடிமன், மெதுவாகக் காயும் |
| மூங்கில் விஸ்கோஸ் டெர்ரி | நடு | பருத்தியைவிட அதிகம் உறிஞ்சும் | ஈரத்தில் பலம் குறையும், காய நேரமாகும் |
| ஹெம்ப் (ஒரு செடியின் நார்) கலந்த பருத்தி | நடு, இரவு பேட் | மெல்லியதாக இருந்து நிறையப் பிடிக்கும் | மெதுவாக உறிஞ்சும், நாளாக விறைக்கும் |
| மைக்ரோஃபைபர் | நடு மட்டும் | சட்டென்று உறிஞ்சும், சீக்கிரம் காயும் | அழுத்தினால் கக்கும், தோலை வறட்டும் |
| மைக்ரோஃபிளீஸ் (மென்மையான செயற்கைத் துணி) | தோல் பக்கம் | மேலே ஈரம் நிற்காது, ஒட்டாது | தானாக எதையும் பிடித்து வைக்காது |
| கம்பளி | வெளிப்பக்கம் | காற்றுப் போகும், ஈரம் மெதுவாகத்தான் கடக்கும் | கையால் துவைக்க வேண்டும், சிலருக்கு அரிக்கும் |
| பாலியூரித்தேன் பூசிய (நீர் புகாத) துணி | வெளிப்பக்கம் | சட்டை நனையாது | காற்றுப் போகாது, ஊசி ஓட்டை வழியே கசியும் |

என் தேர்வு: தோல் பக்கம் ஃபிளானல் அல்லது பனியன் துணி, நடுவில் பழைய டவல் துணி இரண்டு மடிப்பு, வெளியே இன்னொரு ஃபிளானல். பகலுக்கு 12 செ.மீ. போதும். சிடி வட்டு சரியாக 12 செ.மீ. என்பதால், அதை வைத்துக் கோடு போட்டுத் தையல் விளிம்புக்கு அரை செ.மீ. வெளியே விட்டு வெட்டினால் மேலே சொன்ன 13 செ.மீ. வட்டம் கிடைத்துவிடும். இரவுக்கு முடித்த அளவு 14 செ.மீ. இருக்கட்டும், நடுவில் மூன்று மடிப்பு வையுங்கள். தடிமன் தெரிந்தால்தான் என்ன, தூங்கத்தானே போகிறோம்.

நீர் புகாத துணியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலைக்குத் திரும்புகிறவர், இரண்டு மணி நேரக் கூட்டத்தில் எழுந்து போய் மாற்ற முடியாதவர், வெளிர் நிறச் சட்டை போட வேண்டியவர், இவர்களுக்கு இரண்டு மூன்று ஜோடி அப்படித் தைத்துக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும். வீட்டிலும் இரவிலும் அது தேவையில்லை. வெளித்துணி நனையத் தொடங்குவதுதான் "மாற்று" என்று நமக்கு வரும் தகவல். நீர் புகாத துணி அந்தத் தகவலை மறைத்துவிடுகிறது, உள்ளே தோல் ஊறுவது தெரியாமலே போகிறது. தைத்தே ஆக வேண்டும் என்றால் பளபளப்பான பூச்சுப் பக்கம் உள்நோக்கி இருக்கட்டும், வட்டத்துக்கு நடுவில் குண்டூசி குத்தாதீர்கள், விளிம்பில் கிளிப் போட்டுப் பிடியுங்கள், ஒருமுறை தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைத்தால் அந்த ஓட்டைகள் எல்லாம் கசியும். நேரடியாக இஸ்திரி போடக் கூடாது, கொதிநீரில் போட்டால் பூச்சு உரிந்துவிடும்.

நடுவழி வேண்டுமென்றால் கம்பளியைப் பாருங்கள். சூடான நீரில் துவைத்துச் சுருங்கிப் போன பழைய கம்பளி ஸ்வெட்டர் இருந்தால், அந்த இறுகிய துணி வெளிப்பக்கத்துக்கு மிக நல்லது. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்தது போல இருக்காது, காற்றும் போகும். வெட்டினாலும் பிசிறாது. துவைப்பதுதான் தொல்லை.

எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் சூடான நீரில் இரண்டு முறை துவைத்துக் காயவையுங்கள். புதுத் துணியில் இருக்கும் கஞ்சிப் பசை போகாமல் அது ஒழுங்காக உறிஞ்சாது, வெட்டித் தைத்த பிறகு சுருங்கினால் மேல்துணி ஒரு அளவும் நடுத்துணி ஒரு அளவுமாகி பேட் கிண்ணம் போலச் சுருண்டுவிடும். மூங்கில், ஹெம்ப் துணிகள் முழுதாக உறிஞ்சத் தொடங்கவே நான்கைந்து துவைப்பு ஆகலாம். பழைய துணி இந்த இடத்தில்தான் புதுத் துணியை ஜெயிக்கிறது, அது சுருங்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது.

## விளிம்பும் வடிவமும்

விளிம்பை முடிக்க மூன்று வழி. ஓவர்லாக் அல்லது நெருக்கமான ஜிக்ஜாக் போட்டால் விளிம்பு தட்டையாக இருக்கும், மேல்சட்டையில் கோடு தெரியாது, வேலையும் சீக்கிரம். உட்புறம் வெளியே வைத்துத் தைத்து, சிறு இடைவெளி வழியாகத் திருப்பி, ஓரத்தில் இன்னொரு தையல் போடுவது பார்க்க அழகு. ஆனால் விளிம்பில் துணி இரட்டிப்பாவதால் இறுக்கமான சட்டைக்கு வெளியே வட்டம் தெரியும். மெஷின் இல்லாவிட்டால் கையாலேயே பிளாங்கெட் தையல் போடலாம், நேரம் ஆகும், ஆனால் இறுக்கமாகப் போட்டால் நன்றாக உழைக்கும். நான் ஜிக்ஜாக் பக்கம்.

தட்டை வட்டமா, குழிவானதா என்றால், தட்டையானது சீக்கிரம் காயும், வெட்டவும் எளிது. மார்பகம் சற்றுப் பெரியவர்களுக்குத் தட்டை பேட் நடுவில் மடங்கும், அவர்கள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒரு சின்ன முக்கோணம் வெட்டி, அதன் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்து டார்ட் பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் டார்ட்டின் முனை நட்ட நடுவுக்கு வரக் கூடாது, அந்தத் தையல் முடிச்சு காம்பில் உராயும். ஒன்றரை, இரண்டு செ.மீ. முன்பாகவே நிறுத்துங்கள். நடுவில் பூத்தையல் போட்டு மடிப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் முறையையும் அதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

சிலிகான் கிண்ணங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கசியும் பாலைச் சேகரிக்க அவை பால் கொடுக்கும் நேரத்தில் மறுபக்கம் உதவும். நாள் முழுக்கப் போட்டிருந்தால் அழுத்தம் விழுந்த இடத்தில் பால் கட்டிக்கொள்ளலாம், அதனால் பேடுக்கு மாற்றாக நான் அதைச் சொல்வதில்லை.

## துவைப்பதில் கெட்டுப்போவதுதான் அதிகம்

துணி பேட் ஒரு மாதத்தில் உறிஞ்சாமல் போய்விட்டது என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, துணியை மென்மையாக்கும் திரவம் போடுகிறீர்களா என்பது. அது நூலின் மேல் ஒரு படலமாகப் படிந்து தண்ணீரைத் தள்ளிவிடும். காம்புக்குத் தடவும் லானோலின் களிம்பும் எண்ணெயும் இதையேதான் செய்யும். அப்படி ஆகிவிட்டால் சூடான நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கசக்கி, நுரை போகும்வரை அலசினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

கழற்றியவுடன் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பாலில் புரதம் இருப்பதால் எடுத்ததும் சுடுநீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும், கொழுப்பு இருப்பதால் அலசாமல் கூடையில் போட்டால் புளித்த வாடை வரும். அதன்பின் சாதாரணமாகத் துவைத்து வெயிலில் காயப் போடலாம். உங்களுக்கோ குழந்தையின் வாயிலோ பூஞ்சைத் தொற்று வந்தால் மருத்துவரைப் பார்ப்பதோடு, பேட்களை ஒவ்வொரு முறையும் 60 டிகிரி அல்லது அதற்கு மேல் சூடான நீரில் துவைத்து முழுதாக உலர்த்துங்கள், ஈரம் கொஞ்சம் இருந்தாலும் போடாதீர்கள். முழுப் பருத்தி பேட் இந்தச் சூட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். நான் பருத்தியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேட் காய்ந்து வெடித்த காம்போடு ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரால் நனைத்து, தானாக விட்டு வரும்வரை பொறுங்கள். அப்படி அடிக்கடி ஆனால் தோல் பக்கத்துக்கு மைக்ரோஃபிளீஸ் வைத்து இரண்டு ஜோடி தைத்துக்கொள்வது நல்லது, செயற்கைத் துணி என்றாலும் அந்த நாட்களுக்கு அதுதான் வலியைக் குறைக்கும். வெடிப்பு ஆறாமலே இருந்தால் குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தை யாராவது விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், எந்தத் துணி மாற்றினாலும் அது சரியாகாது.

## எத்தனை, எப்போது

நாளைக்கு ஐந்தாறு ஜோடி, ஒருநாள் விட்டு ஒருநாள் துவைப்பு என்றால் பத்துப் பன்னிரண்டு ஜோடி போதும். ஆனால் முதலில் மூன்றே மூன்று ஜோடி தையுங்கள், ஒவ்வொன்றிலும் நடுத்துணியை மாற்றிப் பாருங்கள். மீதியை வெட்டி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு ஒரு பெட்டி தூக்கிப் போடும் பேட் கையில் இருக்கட்டும். பால் ஊறிய பிறகு இந்த மூன்றில் எது உங்களுக்கு ஒத்துப்போகிறது என்று தெரிந்ததும், வெட்டி வைத்ததை நீங்களோ தைக்கத் தெரிந்த இன்னொருவரோ ஒரு மதியத்தில் தைத்துவிடலாம்.

அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், தைத்து முடித்த பேடை ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து, இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரை மெதுவாக நடுவில் ஊற்றுங்கள். தண்ணீர் மேலே முத்தாக உருண்டு நின்றால் துணி இன்னும் துவைக்கப்பட வேண்டும். உள்ளே போய்விட்டால் ஒரு நிமிடம் விட்டு, குழந்தையை அணைக்கும் அளவுக்கு உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். காகிதம் லேசாக ஈரமாகியிருந்தால் பகலுக்கு அந்த பேட் சரி, சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் நடுவில் இன்னொரு மடிப்பு சேருங்கள்.